உடுப்புக் காயப்போடுற கம்பி

நல்லரத்தினம் அண்ணன் வானத்தோட கதைக்கிறவர். பக்கத்து வளவில இருக்கிற எங்களோட நாலு சொல்லு ஒழுங்காக் கதைக்கத் தெரியாத மனிசனுக்கு வானத்தோட என்ன கதை என்டு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டனான். என்ன ஒரு பார்வை பாத்திட்டு, "தங்கச்சி, இது உங்களுக்கு விளங்காது" என்டார். எனக்கு விளங்காத கதைக்கு என்ட தென்னை மரம் மட்டும் என்னத்துக்கு என்டு அப்பவே கேட்டிருக்க வேணும்.

ஆள் முன்னம் கப்பல்ல வயர்லெஸ் அடிச்சவர். உலகமெல்லாம் சுத்தி வந்து, கடைசியா எங்கட வாவிக் கரையில வீடு கட்டி, பகல் முழுக்க ஈயம் உருக்கிக்கொண்டு இருப்பார். அவர்ட மனிசி மங்கையற்கரசி அக்கா பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டு, பெரியகல்லாத்தில இருக்கிற மகள்ட வீட்டுக்குப் போனவ போனவதான். போகேக்க என்னட்டச் சொன்னா, "சீனிப்பிள்ள, இந்தாள் அந்த வால்வப் பாக்கிற மாதிரி என்ன ஒரு நாளும் பாத்ததில்லகா." நான் சிரிச்சனான். அவ சிரிக்கல்ல.

வால்வு என்டா கண்ணாடி வால்வு. பழைய தியேட்டர் ஒண்டில கழட்டின சாமான், ரெண்டு, ஒவ்வொண்டும் நல்ல முட்டிக் கத்தரிக்காய் அளவு. கரண்ட் குடுத்தா உள்ளுக்குள்ள செம்மஞ்சளா எரியும். அந்த ரெண்டையும் வச்சு அந்தாள் ரெண்டு பெட்டி செய்திருந்தார். ஒண்டு கோயில் லவுட்ஸ்பீக்கருக்கு அம்ப்ளிபயர். மத்தது வானத்துக்கு அனுப்புற பெட்டி, பிஸ்கட் தகரத்தையும் அலுமினியத் தட்டையும் வெட்டி ஒட்டினது. பெட்டி ரெண்டென்டாலும் வால்வுச் சோடி ஒண்டுதான். திருவிழா நாளில அது கோயில் பெட்டிக்குள்ள எரியும், மத்த நாளில வீட்டுப் பெட்டிக்குள்ள எரியும். வேற சோடி இந்த மாவட்டத்திலயே இல்ல என்டு பெருமையாச் சொல்லுவார்.

மேல ரஷ்யாக்காரன் ஏத்தி விட்ட செய்மதி ஒண்டு சுத்துதாம். அதுக்குள்ள எந்திரம் ஒண்டு இருக்காம். கீழ இருந்து ஆரும் தந்தி அடிச்சுத் தன்ட பேரச் சொன்னா, அது அந்தப் பேரத் திருப்பிச் சொல்லி, ஒரு இலக்கமும் குடுத்து, நன்றியும் சொல்லுமாம்.

"அதுக்குள்ள ஆள் இருக்கா அண்ணன்?"

"ஆள் இல்ல தங்கச்சி. தானா இயங்குறது."

ஆள் இல்லாத ஒண்டிட்ட நன்றி வாங்குறதுக்கு, ஆள் இருக்கிற வீட்ட விட்டு மனிசிய அனுப்பின ஆம்பிளைய நான் அதுக்கு முன்னம் கண்டதில்ல.

சரி, கம்பிக்கு வாறன். பெட்டியில இருந்து வானத்துக்குப் போறதுக்கு நீட்டா ஒரு செப்புக் கம்பி வேணும். ஒரு தலைப்ப அவர்ட வீட்டு முகட்டில கட்டினார். மத்தத் தலைப்புக்கு மரம் இல்ல. ஈயப் புகையில அவர்ட வளவில புல்லே முளைக்காது, மரம் எங்க முளைக்கிற? ஒரு நாள் ஏணியோட வந்து என்ட மனிசனக் கேட்டார், "வல்லிபுரம், உடுப்புக் காயப்போட ஒரு கம்பி கட்டப் போறன். உன்ட தென்னையில ஒரு முடிச்சுப் போடட்டா?" உடுப்புக் காயப்போடுற கம்பி என்னத்துக்கு ரெண்டாள் உயரத்தில என்டு நான் கேட்டன். தாழக் கட்டினா ஆடு இழுக்குமாம். மங்கையற்கரசி அக்கா போன பிறகு அந்தாள்ட கொடியில இடுப்பில கட்டுற சாரம் ஒண்டக்கூட நான் கண்டதில்ல, ஆடு எதை இழுக்கிற?

என்ட மனிசன் வாவியில வலை வீசுறவர். ஆர் என்ன சொன்னாலும் "அப்பிடியா" என்டு கேக்கிறதுதான் அவர்ட குணம். "அப்பிடியா அண்ணன், கட்டுங்க" என்டார். அடுத்த நாள் நான் வேணுமென்டே ஏணி வச்சு ஏறி என்ட சீலையக் கொண்டு போய் அதில போட்டன். பெட்டிய விட்டிட்டு ஓடி வந்தார் பாருங்க, அந்த மாதிரி ஓட்டம் அவர் கப்பல் மூழ்கினாலும் ஓடியிருக்கமாட்டார். உடுப்புக் காயப்போடுற கம்பியில உடுப்புக் காயப்போடக் கூடாதாம். நான் வாயில வந்ததெல்லாம் பேசினன். என்ட மனிசன் சீலைய எடுத்து மடிச்சு என்ட தோளில போட்டிட்டு, "விடு புள்ள" என்டார்.

இனிக் கோயில் கதை. எங்கட கண்ணகை அம்மன் கோயில்ல ஊரே ரெண்டு பக்கம், வடசேரி, தென்சேரி. பிறந்த குடி வழியில பக்கம் வரும், மாத்தேலாது. நல்லரத்தினம் அண்ணன் வடசேரி. என்ட மனிசன் தென்சேரி, நானும் தென்சேரி. முந்தி வைகாசியில கொம்பு இழுப்பாங்க. வளைஞ்ச கொம்பு ரெண்ட ஒண்டோட ஒண்டு கொளுவி, ஒவ்வொரு பக்கமும் வடம் போட்டு இழுக்கும். ஆர்ட கொம்பு முறியுதோ அவங்கள மத்தப் பக்கம் வருசம் முழுக்க நக்கலடிச்சுப் பாடும். சண்டைக் காலம் வந்த பிறகு இருநூறு ஆம்பிளையள் தடியோட கூடினா ஆமி சும்மா விடுமா? கொம்பு நிண்டு போச்சு. எங்கட ஆக்கள் போட்டிய விட்டாத்தானே. கொம்புக்குப் பதிலா லவுட்ஸ்பீக்கர் வந்திச்சு. வடசேரி தங்கட பக்கத்தில ஒரு அம்ப்ளிபயர், தென்சேரி தங்கட பக்கத்தில ஒண்டு. ஆர்ட சத்தம் வாவிக்கு அங்கால கேக்குதோ அவங்க வெற்றி. அம்மனுக்குக் காது இருந்தா முதல் வருசமே எழும்பிப் போயிருப்பா.

அந்த வருசம் குளுத்திக்கு, அதுதான் அம்மன்ட திருவிழாக் கடைசி நாளுக்கு, முதல் நாள் வெள்ளென ஆமி ஊரச் சுத்தி வளைச்சுது. எந்த ஆமி என்டு கேக்காதீங்க. ரெண்டு நாட்டு ஆமியும் எங்கட வளவுக்குள்ள நடந்திருக்கு, சப்பாத்து ஒண்டுதான். வந்தவங்க கம்பியக் கண்டாங்க. ஒரு தலைப்பில நல்லரத்தினம் அண்ணன்ட வீடு, பூட்டிக் கிடக்கு. ஆள் முதல் நாளே வானத்துப் பெட்டியத் தூக்கிக்கொண்டு ஏறாவூருக்குப் போயிட்டார், திருத்த வேலையாம். மத்தத் தலைப்பில என்ட தென்னை. தென்னைக்குக் கீழ என்ட மனிசன் கிழிஞ்ச வலையப் பொத்திக்கொண்டு இருந்தார். ரெண்டு தலைப்பில எதில ஆம்பிள இருக்கோ அங்கதானே வருவாங்க.

"இது என்ன?" என்டு தமிழ் தெரிஞ்ச ஆமிக்காரன் கேட்டான்.

"உடுப்புக் காயப்போடுற கம்பி, சேர்" என்டார் என்ட மனிசன்.

ரெண்டாள் உயரத்த அண்ணாந்து பாத்தான். உடன அடிச்சான். திருப்பிக் கேட்டான். இவர் திருப்பி அதையே சொன்னார். நான் குறுக்க விழுந்து, "அது ரேடியோக் கம்பி சேர், பக்கத்து வீட்டாள்ட" என்டு கத்தினன். என்னத் தள்ளிப்போட்டு அவரக் கூட்டிக்கொண்டு போயிட்டாங்க. கம்பியையும் வெட்டிச் சுருட்டி எடுத்தாங்க. ரெண்டு பேரையும் சாட்சிக் கூண்டில ஏத்தின மாதிரி, கம்பியும் அவரும் ஒரே ஜீப்பில போச்சு.

பழைய நெல்லுக் களஞ்சியத்திலதான் காம்ப். அண்டு முழுக்க வாசல்ல நிண்டன், ஒரு நாயும் திரும்பிப் பாக்கல்ல. மற்ற நாள், குளுத்தி அண்டு காலையில, கப்டன் வெளியில வந்தார். சிக்னல் கப்டனாம், கம்பி வேலை தெரிஞ்சவர். தமிழ் தெரிஞ்ச ஆமிக்காரன் நடுவில நிண்டு சொன்னான்.

"கப்டன் சொல்றார், அது அன்டெனா. உன்ட புரிசன் பொய் சொல்றான். ஆர் கதைச்சது, ஆரோட கதைச்சது?"

நான் எல்லாத்தையும் சொன்னன். நல்லரத்தினம், வால்வு, ரஷ்யாக்காரன்ட செய்மதி, ஆள் இல்லாத எந்திரம், நன்றி, எல்லாம். நடுவில நிண்டவன் சொல்லச் சொல்ல அவனுக்கே சிரிப்பு வந்திட்டு. கப்டன் சிரிக்கல்ல. அவர்ட கண் ஒரு மாதிரி மின்னிச்சு. அந்த மின்னல் எனக்குத் தெரிஞ்ச மின்னல், எங்கட பக்கத்து வளவில தினமும் காணுறது.

"அந்த ஆளையும் பெட்டியையும் இண்டைக்கு அந்திக்குள்ள கொண்டு வா" என்டார். "செய்மதி மறுமொழி சொன்னா, இது விளையாட்டுச் சாமான், உன்ட புரிசன விடுறன். சொல்லாட்டி நாளைக் காலையில அவன டவுனுக்கு அனுப்புறன்."

டவுனுக்கு அனுப்பின ஆக்களில ஒருத்தரும் எங்கட ரோட்டால திரும்பி வந்ததில்ல. அது எனக்கும் தெரியும், கப்டனுக்கும் தெரியும்.

பஸ் புடிச்சு ஏறாவூருக்குப் போனன். முனாப் காக்காட ரேடியோக் கடையிலதான் அந்தாளுக்குத் தஞ்சம். முனாப் காக்கா என்னக் கண்டதும் வாயத் திறக்காம கண்ணால மேசைக்குக் கீழ காட்டினார். எட்டிப் பாத்தன். கப்பல்ல உலகம் சுத்தின மனிசன் காலைக் கட்டிக்கொண்டு, பெட்டிய மடியில வச்சுக்கொண்டு குந்தியிருந்தார்.

"ஒழும்புங்க அண்ணன்."

"தங்கச்சி, நான் போனா என்னையும் புடிச்சிருவாங்க."

"உங்கடதுதானே கம்பி."

"மரம் உங்கடது" என்டார்.

வாயால சொன்னார் சத்தியமா. எனக்கு வந்த ஆத்திரத்தில அந்தப் பெட்டியத் தூக்கி அவர்ட மண்டையில போட்டிருப்பன். பெட்டி தேவையென்டதால விட்டன். "நீங்க வராட்டி நான் ஆமிய இஞ்சயே கூட்டிக்கொண்டு வாறன்" என்டன். அதுக்கு முனாப் காக்காதான் முதல்ல எழும்பினார். "தங்கச்சி, கடைய விட்டிருங்க, அவரக் கூட்டிக்கொண்டு போங்க. நானே லேன்ட்மாஸ்டர் உழவு மெசின்ல கொண்டு விடுறன்" என்டு சாவிய எடுத்தார். நல்ல மனிசன், பயந்த மனிசன், ரெண்டும் ஒரே நேரத்தில இருக்கலாம் என்டு அண்டைக்குக் கண்டன்.

தன்னாமுனையத் தாண்டேக்க லேன்ட்மாஸ்டர்ட இரைச்சலுக்குள்ள நல்லரத்தினம் அண்ணன் மெல்ல ஒரு குண்டப் போட்டார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்ல வேணும். அது எனக்கு இன்னும் ஒரு தரமும் மறுமொழி சொன்னதில்ல."

"எது?"

"செய்மதி. மத்தவங்களுக்கு அது சொல்றது எனக்குக் கேக்கும். நான் அடிச்சா மட்டும் சொல்லாது."

ரெண்டு வருசமா ஊருக்கெல்லாம் புழுகினது இந்த மனிசன். முனாப் காக்கா ஹாண்டிலப் புடிச்சபடி பின்னால கிறுகிப் பாத்து, "அல்லாஹ்வே, எனக்கு மூண்டு தரம் கதைச்சன் என்டு சொன்னீங்களே" என்டார். நல்லரத்தினம் அண்ணன் பெட்டியத் தடவிக்கொண்டு இருந்தார். சொல்லாட்டி என்ன நடக்கும் என்டு எனக்குத் தெரியும். ஆனா வேற வழி எங்க கிடக்கு? வால்வ எடுக்கிறதுக்குக் கோயிலுக்கு விடச் சொன்னன்.

கோயில்ல ரெண்டு பக்கமும் பாட்டு, காது கிழியுது. பச்சைப் பந்தல், பொங்கல் பானை, வெயில். வடசேரி வண்ணக்கர் அருமைநாயகம், அதாவது அந்தப் பக்கத்துக் கோயில் நிர்வாகம் பாக்கிறவர், அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில கதிரை போட்டு ஒரு மகாராசா மாதிரி இருந்தார். பெட்டிக்குள்ள ரெண்டு வால்வும் செம்மஞ்சளா எரியுது. விசயத்தச் சொன்னன்.

"புள்ள, குளுத்தி முடியட்டும்" என்டார். "இப்பக் கழட்டினா எங்கட பக்கம் ஊமையாப் போயிரும். நாளைக்கு வெள்ளென நானே கொண்டு போய்க் குடுக்கிறன்."

"நாளைக்கு வெள்ளென அவர டவுனுக்கு அனுப்புறாங்க."

"அம்மன் பாத்துக்கொள்ளுவா."

"அம்மனுக்கு இந்தச் சத்தத்துக்குள்ள நான் சொல்றது கேக்குமா?"

சுத்தி நிண்ட ஒருத்தன் சொன்னான், "வல்லிபுரம் தென்சேரி. இது தென்சேரி வேலை. எங்கட சத்தத்த நிப்பாட்ட ஒரு பொம்பிளைய அனுப்பியிருக்கிறாங்க." மற்றவனுகள் தலையாட்டினாங்க. ஒரு மனிசன் காம்புக்குள்ள அடி வாங்கிக்கொண்டு கிடக்கிறான், இவங்களுக்கு அது போட்டியில ஒரு தந்திரமாத் தெரியுது.

எங்கட பக்கத்து ஆக்கள் கை குடுப்பாங்க என்டு நினைச்சு அங்கால ஓடினன். தென்சேரிக்குப் பொறுப்பு பாக்கியராசா, என்ட மனிசனோட ஒண்டா வலைக்குப் போறவர். கேட்டதும் முகம் பூத்திட்டு. "கழட்டட்டும், கழட்டட்டும். நாங்க ஒண்டும் சொல்லமாட்டம்" என்டு சொல்லிப்போட்டுத் தங்கட அம்ப்ளிபயர இன்னும் கூட்டி விட்டார். வல்லிபுரம் எப்பிடி இருக்கிறார் என்டு வாயத் திறந்து ஒரு சொல்லுக் கேக்கல்ல.

ரெண்டு பக்கத்துக்கும் ஜெனரேற்றர் ஒண்டுதான், கோயிலுக்குப் பின்னால. தண்ணி இறைக்கிற எஞ்சின நிப்பாட்டுற எனக்கு இதென்ன பெரிய காரியம்? எண்ணெய் போற குழாய மூடினன். ரெண்டு இருமல் இருமிச்சு, நிண்டிட்டு.

அந்த அமைதி இருக்கே, நான் என்ட சீவியத்தில அந்தக் கோயில்ல அப்பிடி ஒண்டக் கேட்டதில்ல. வாவியில தண்ணி கரையில அடிக்கிறது கேட்டிச்சு. மறுகா வசவு தொடங்கிச்சு. வடசேரியும் ஏசுது, தென்சேரியும் ஏசுது. எத்தினையோ தலைமுறையாச் சேராத ரெண்டு சேரியும் அண்டைக்குத்தான் ஒண்டாச் சேந்திச்சு, என்னப் பேசுறதுக்கு. பேசட்டும் என்டு விட்டிட்டு, "கழட்டுங்க அண்ணன்" என்டன். நல்லரத்தினம் அண்ணன் சால்வையால சுத்திக் குழந்தையத் தூக்கிற மாதிரி ஒவ்வொண்டாத் தூக்கினார். அவர்ட கை நடுங்கின நடுக்கத்தில ரெண்டும் கீழ விழுந்து உடைஞ்சிரும் போல இருந்திச்சு. நான் பறிச்சு என்ட முந்தானையில முடிஞ்சு இடுப்பில செருகினன். சூடு சீலையத் தாண்டிச் சுட்டது. அந்தத் தழும்பு இன்னும் கிடக்கு.

அருமைநாயகம் வண்ணக்கர் பின்னால கத்தினார், "வால்வுக்கு ஒண்டு நடந்தா நீதான் பொறுப்பு புள்ள." என்ட மனிசனுக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு என்டு நான் திரும்பிக் கேக்கல்ல, நேரம் இல்ல.

காம்பில கப்டன் எல்லாத்தையும் ஆயத்தமா வச்சிருந்தார். மேசை, கரண்ட், அவங்கட சொந்த ரேடியோப் பெட்டி கேக்கிறதுக்கு. வெட்டிக்கொண்டு போன கம்பிய எடுத்து, ஒரு தலைப்பக் கொடிக்கம்பத்தில உயரக் கட்டினாங்க. மத்தத் தலைப்ப நீட்டு மூங்கில்ல கட்டி ஒரு ஆமிக்காரன் தூக்கிப் புடிச்சான். முதல் நாள் அதே கம்பியக் காட்டி என்ட மனிசனுக்கு அடிச்சவன்தான். வேர்க்க வேர்க்கப் புடிச்சுக்கொண்டு நிண்டான், கொஞ்சம் சரிஞ்சா கப்டன் ஏசுறார்.

வால்வு ரெண்டும் எரியத் தொடங்கிச்சு. கொஞ்ச நேரத்தில ரேடியோவில கீச்சுக் கீச்சென்டு தந்திச் சத்தம், முதல்ல மெல்லமா, மறுகா பெரிசா. செய்மதி வந்திட்டாம். தலைக்கு மேலால போறதுக்கு கொஞ்ச நேரம்தானாம், மறுகா அடிவானத்துக்கு அங்கால கவிண்டிருமாம். நல்லரத்தினம் அண்ணன் தந்திச் சாவியத் தட்டினார். காத்திருந்தம். எந்திரம் தன்ட பாட்டில வேற என்னமோ சொல்லிக்கொண்டு போகுது. ரெண்டாந்தரம் தட்டினார். இல்ல. மூண்டாந்தரம். இல்ல. அந்தாள்ட விரலப் பாத்தன், காய்ச்சல்காரன்ட கை மாதிரித் துள்ளுது.

கப்டன் காதில மாட்டினதக் கழட்டி என்னமோ சொன்னார். நடுவில நிண்டவன் எனக்குச் சொன்னான், "கை நடுங்குது. மனிசன் என்டா நடுங்கிற தந்தியையும் விளங்கிக்கொள்ளுவான். எந்திரத்துக்கு ஒழுங்கா அடிச்சாத்தான் விளங்கும்."

ரெண்டு வருசமா நடந்தது அதுதான். வீட்டில இருந்து அடிக்கேக்கையும் ஆமி வருதா, இயக்கம் வருதா என்டு நடுங்கி நடுங்கி அடிச்சிருக்கிறார். ஆகாயத்தில இருக்கிறது அதக் குப்பை என்டு தள்ளியிருக்கு. நான் அவர்ட மணிக்கட்ட ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சன். "அடிங்க அண்ணன், என்ட மனிசன்ட உசிர் இது" என்டன். அடிச்சார். என்ட கையும் சேந்து நடுங்கினதுதான் மிச்சம். சத்தம் மெலியத் தொடங்கிட்டு.

கப்டனுக்குப் பொறுக்கல்ல. நல்லரத்தினம் அண்ணனக் கதிரையோட ஒரு பக்கம் தள்ளிப்போட்டுத் தானே குந்தினார். சாவியில கை வச்சார். என்ன அழகாத் தட்டினார் தெரியுமா, ஒரு பிசகு இல்ல. அவருக்கு என்னத்துக்கு நடுக்கம்? துவக்கெல்லாம் அவர்ட பக்கம். தட்டி முடிச்சுக் கைய எடுத்த உடன மேல இருந்து மறுமொழி வந்திட்டு. கப்டன்ட பேர், ஒரு இலக்கம், நன்றி.

கப்டன் எழும்பி நிண்டு கை தட்டினார். மூங்கில் புடிச்சவனும் என்ன ஏதென்டு தெரியாமச் சிரிச்சான். ஆள் ஆரென்டு கேக்காம, அடையாள அட்டை கேக்காம நன்றி சொல்ற ஒரே சாமான் அந்தக் காலத்தில அது ஒண்டுதான். அதுவும் ஆமிக்குத்தான் சொன்னது.

நல்லரத்தினம் அண்ணனப் பாத்தன். கண்ணால தண்ணி ஓடுது. எனக்கு ஒரு கணம் மனசு இளகிப்போச்சு, வல்லிபுரத்த நினைச்சுத்தான் அழுறார் என்டு. "என்ட பேரச் சொல்லல்லயே தங்கச்சி" என்டார். அந்த இளகின மனச அப்பவே கட்டியாக்கிக்கொண்டன்.

மறுகா தேத்தண்ணி வந்திச்சு, கப்டனுக்கும் அவருக்கும். ரெண்டு பேரும் பெட்டியத் திறந்து வச்சு, தலையத் தலையோட முட்டி, விரலால காட்டிக் காட்டி இங்கிலீசில கதை. மச்சான்மார் தோத்துப்போகும். எனக்கு ஆரும் கதிரையும் தரல்ல, தேத்தண்ணியும் தரல்ல, சரி அது போகட்டும். என்ட மனிசன் என்ட ஒருத்தர் அந்தக் களஞ்சியத்துக்குள்ள கிடக்கிறார் என்ட நினைவே ரெண்டு பேருக்கும் இல்ல. நான் போய் மேசையில அடிச்சன். கோப்பை ரெண்டும் துள்ளிச்சு.

"எந்திரம் மறுமொழி சொல்லிட்டு. என்ட மனிசன் எங்க?"

கப்டன் ஏதோ மறந்து போன சாமான நினைச்ச மாதிரித் தலையில தட்டிக்கொண்டு ஆளனுப்பினார்.

ரெண்டு பேர் புடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தாங்க. ஒரு கண் மூடிப் போச்சு. வலது கை வீங்கி, மூண்டு விரல் ஒவ்வொரு பக்கம் பாக்குது. வலை வீசுற கை. கப்டன் நல்ல சந்தோசத்தில இருந்தார், சிரிச்சுக்கொண்டே கேட்டார், நடுவில நிண்டவன் சொன்னான்: "ஏன் பொய் சொன்னாய்? அன்டெனா என்டு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு அடிச்சிருக்கமாட்டாங்களாம்."

என்ட மனிசன் சொன்னார், "உடுப்புக் காயப்போடுற கம்பிதான், சேர்."

எல்லாரும் சிரிச்சாங்க. நல்லரத்தினம் அண்ணன் மட்டும் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள பாத்துக்கொண்டு இருந்தார்.

கப்டன் வால்வு ரெண்டையும் திருப்பித் தரல்ல. கொஞ்ச நாள் இருக்கட்டுமாம், தானும் பாக்க வேணுமாம். பெட்டியும் இருக்கட்டுமாம். கம்பிய மட்டும் நிலத்தில போட்டிருந்தாங்க, நான் சுருட்டி எடுத்துக்கொண்டன்.

முனாப் காக்கா ரோட்டில அவ்வளவு நேரமும் நிண்டார். அவர்தான் வல்லிபுரத்தத் தூக்கி ஏத்தினது. போகேக்க நான் என்ட மனிசனக் கேட்டன், ஏசித்தான் கேட்டன். "அது ரேடியோக் கம்பி என்டு உங்களுக்குத் தெரியும்தானே? நான் உங்கட முன்னாலதானே கத்தினன். பிறகும் ஏன் அதையே சொல்லிக்கொண்டு இருந்தீங்க?"

"தெரியும் புள்ள. அவர் சீலை போட விடாத அண்டைக்கே தெரியும்" என்டார். வாய் வீங்கி இருந்ததால மெல்ல மெல்லத்தான் சொன்னார். "நான் ரேடியோ என்டு சொன்னா அந்தாளத் தேடிப் புடிப்பாங்க. அந்தாள் ஒரு அடி தாங்காது."

பின்னால குந்தியிருந்த நல்லரத்தினம் அண்ணனுக்கு அது கேட்டிச்சு. எஞ்சின் இரைச்சல்ல கேக்கல்ல என்டு அவர் சொல்லலாம். கேட்டிச்சு.

கோயிலடியால வரேக்க ஆக்கள் ரோட்டுக்கு வந்தாங்க. அருமைநாயகம் வண்ணக்கர் முன்னுக்கு வந்து லேன்ட்மாஸ்டர்ல படுத்துக் கிடந்த மனிசனப் பாத்தார். மறுகா என்னப் பாத்தார்.

"வால்வு எங்க புள்ள?"

நான் வாயத் திறந்திருந்தா அந்தக் குளுத்தி குளுத்தியா இருந்திருக்காது. "ஓடுங்க காக்கா" என்டன், முனாப் காக்கா ஓடினார். அந்த வருசம் தென்சேரிதான் வெற்றியாம். பாக்கியராசா வீட்ட வந்து சந்தோசமாச் சொன்னார், என்ட மனிசனுக்குக் கைகுடுக்கக் கையையும் நீட்டினார். இவர் இடது கையக் குடுத்தார்.

விரல் நேராகல்ல. வலை பாக்கியராசாட வீட்டுக்குப் போச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு நல்லரத்தினம் அண்ணன் வந்து வேலிக்கு அங்கால நிண்டு கேட்டார், "தங்கச்சி, அந்தக் கம்பி..." புதுச் சோடி வால்வுக்குக் கொழும்புக்குச் சொல்லியிருக்கிறாராம். உள்ளுக்குப் போய்க் கம்பிய எடுத்து வந்து, என்ட வீட்டுத் தூணில ஒரு தலைப்பும் தென்னையில ஒரு தலைப்புமா, என்ட நெஞ்சளவு உயரத்தில இழுத்துக் கட்டினன். தோய்ச்ச சாரத்த எடுத்து அதில போட்டன். என்ட சீலையையும் போட்டன். அந்தாள் பாத்துக்கொண்டே நிண்டார். இந்த முறை ஓடி வரல்ல.

அடுத்த சுத்தி வளைப்பு ஆவணியில. வேற ஆக்கள், அதே சப்பாத்து. ஒருத்தன் தென்னையடியில நிண்டு கம்பியத் தொட்டு, "இது என்ன?" என்டான்.

என்ட மனிசன் அந்தக் கைய மடியில வச்சுக்கொண்டு குந்தியிருந்தார். "உடுப்புக் காயப்போடுற கம்பி, சேர்" என்டார்.

அவன் சாரத்தப் புடிச்சுப் பாத்தான். ஈரம். கைய உதறிப்போட்டு அடுத்த வளவுக்குப் போனான்.